மேல்நிலை மாணவர்களின் கடல் களப்பயிற்சி: மண்டபமா, பரங்கிப்பேட்டையா?

மேல்நிலை மாணவர்களை மூன்று நாள் கடல் களப்பயிற்சிக்கு அழைத்துச் செல்ல நினைக்கும் உயிரியல் ஆசிரியர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ராமேசுவரத்துக்கு அருகிலுள்ள மண்டபம்தான். அதில் வியப்பில்லை. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாவின் கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. பவளம், கடற்புல், கடற்குதிரை மட்டுமின்றி, பாடநூலில் படமாக மட்டுமே கண்ட பலனோகிளாசஸ் வகைப் புழுவும் அங்குள்ள குருசடைத் தீவின் மணலில் வாழ்கிறது. மீனவர்கள் வடகடல் (பாக் விரிகுடா), தென்கடல் (மன்னார் வளைகுடா) என்று பிரித்துச் சொல்லும் இரு கடல்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்; ஒன்று கொந்தளிக்கும் பருவத்தில் மற்றொன்று பெரும்பாலும் அடங்கியிருப்பதால் பயணம் வீணாவதும் குறைவு.

ஆனால், அந்த வளமே மாணவரின் கையைக் கட்டிவிடுகிறது. தீவில் இறங்க வனத்துறையின் அனுமதி வேண்டும். 2001 முதல் சட்டப் பாதுகாப்பு பெற்றுள்ள கடல் அட்டையைக் கையில் எடுத்துப் பார்க்க இயலாது, எடுக்கவும் கூடாது. படகில் அமர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பும் மாணவர் மனம் நிறைந்து வருவார் என்றாலும், அவருடைய குறிப்பேட்டில் அவரே அளந்த எண் ஒன்றுகூட இருக்காது.

சிதம்பரத்துக்கு அருகிலுள்ள பரங்கிப்பேட்டையில் பவளம் இல்லை. தெளிந்த நீரும் இல்லை. இருப்பது வெள்ளாற்றின் கழிமுகமும் அதன் கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும், தெற்கே கொள்ளிடம் வரை விரியும் பிச்சாவரத்து அலையாத்திக் காடும்தான். முகத்துவாரத்தில் தொடங்கி ஆற்றின் மேல்நோக்கி மூன்று இடங்களில் நீர் மொண்டு உப்பளவைக் கணக்கிட்டால், கோடையில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வரை இருக்கும் உப்பு படிப்படியாகக் குறைவதை மாணவரே வரைபடமாக்கிவிடுவார். ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைச் சேற்றின் மீது வைத்து நண்டு வளைகளை எண்ணி, நீரிலிருந்து விலக விலக அந்த எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்று மறுநாளும் வந்து சரிபார்க்கலாம்.

நான் அழைத்துச் சென்ற மாணவி ஒருத்தி வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரத்தின் இலையைத் திருப்பி, அதன் அடிப்புறத்தில் மின்னிய துகளை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு, ஐயா!" என்றாள். உப்புச் சுரப்பிகளைப் பற்றி நான் ஆயத்தம் செய்து வைத்திருந்த அரைமணி நேர விளக்கம் அதன் பிறகு தேவைப்படவில்லை.

ஆகவே, முதல் பயிற்சிக்குப் பரங்கிப்பேட்டையையே நான் பரிந்துரைக்கிறேன். அளக்கப் பழகியவர்களை மறுஆண்டு மண்டபத்துக்கு அழைத்துச் செல்லலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெள்ளாற்றில் நன்னீர் பெருகி உப்பளவு வேறுபாட்டை அழித்துவிடும் என்பதால், பிப்ரவரியும் மார்ச்சும் பொருத்தமானவை. இக்கரையில் ஓத ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்குவதால் வெளிப்படும் சேற்றுத்திட்டு குறுகலானது; கடல்நீர் இறங்கும் வற்றம் எத்தனை மணிக்கு என்பதைப் பார்த்துவிட்டே பேருந்து புறப்படும் நேரத்தை முடிவு செய்ய வேண்டும்.