17-ஆ, 18-ஆ? ஹைலக்ஸுக்கு டயர் மாற்றும் முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஃபோர்வீல் வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால், பசியாறி முடிப்பதற்குள் பேச்சு டயருக்கு வந்துவிடும். வாரத்தில் ஆறு நாள் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதை. பள்ளி விடுமுறை வந்தால் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிரிக், ஜெலி வழியாகக் கிளந்தான், இல்லாவிட்டால் சிம்பாங் பூலாய் ஏறி கேமரன் மலை. இரண்டுக்கும் ஒரே வண்டிதான். போன மாதம் என் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்புக்கு நான்கு டயரும் ஒன்றாகத் தேய்ந்துபோக, நானும் இந்தக் கணக்கில் இறங்கினேன்.

கம்பெனி கொடுத்தது 265/65 ஆர்17. டயரின் அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 17 அங்குலம். கூட்டிப் பார்த்தால் டயரின் மொத்த உயரம் 776 மி.மீ. வரும். இப்போது 18 ரிம்முக்கான 265/60-ஐப் பாருங்கள்: 775. 20 ரிம்முக்கு 265/50 போட்டால் 773. 16-க்கு 265/70 போட்டால் 777. பெரிய ரிம் போட்டால் வண்டி உயரும் என்று நம்மில் பாதிப் பேர் நினைக்கிறோம். ஒரு விரல்கூட உயராது. ரிம் கூடுகிற அளவுக்கு ரப்பர் குறைகிறது, அவ்வளவுதான். பக்கச்சுவர் 16-இல் 185 மி.மீ., 17-இல் 172, 18-இல் 159, 20-இல் வெறும் 132.

அந்த 132 என்ன செய்யும் என்பதை என் மச்சான் வண்டியில் கண்ணால் பார்த்தேன். கறுப்பு நிற 20 ரிம், பார்க்க ராஜா மாதிரி இருக்கும். கிரிக்–ஜெலி நெடுஞ்சாலையில் மழை விட்ட நேரம், தண்ணீர் நிறைந்த ஒரு குழி. ‘டம்’ என்று ஒரே சத்தம்தான். இறங்கிப் பார்த்தால் ரிம்மின் உதடு தகரத் தட்டு மாதிரி உள்ளே மடங்கியிருந்தது. டயரின் பக்கத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு புடைப்பு. பக்கச்சுவருக்குள் இருக்கும் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம்; அந்த டயரை வீசத்தான் வேண்டும். 20 அங்குலத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

18 அப்படி மோசமில்லை. விலை கூடின ரகங்களில் கம்பெனியே அதைத்தான் போட்டு அனுப்புகிறது. கேமரன் வளைவுகளில் வண்டி ஆடாமல் திரும்பும். தார் ரோட்டிலேயே ஓடுகிறவர் 18-ஐ மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. சேற்றில் இறங்குகிறவர் நிலைமை வேறு. சேற்றில் காற்றை 20 பிஎஸ்ஐ வரை இறக்கினால்தான் டயர் பரந்து பிடிக்கும். அப்படிப் பரந்து கொடுக்கப் பக்கச்சுவர் வேண்டும். அந்தக் கணக்கில் 16-தான் ராஜா. ஆனால் பெரிய பிரேக் உள்ள வண்டிகளில் 16 ரிம், பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரில் இடிக்கும். போட்டுப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

சரி, 17-லேயே இருந்துகொண்டு டயரை மட்டும் பெரிதாக்கினால்? தோட்டத்து இளவட்டங்களுக்குப் பிடித்த கேள்வி இது. 265/70 போட்டால் மொத்த உயரம் 803 மி.மீ. வண்டி அதில் பாதிதான் உயரும், அதாவது 13 மி.மீ. மீட்டரில் 100 காட்டும்போது உண்மையில் 103 கிலோமீட்டருக்கு மேல் போவீர்கள். மீட்டர் வழக்கமாகக் கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்பதால் இது பெரிய தொந்தரவில்லை. 285/70-க்குப் போனால் உயரம் 831. மீட்டர் 100 என்றால் வண்டி 107-இல் ஓடும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் உள்மட்கார்டில் உரசும், ஏற்றத்தில் கியர் இழுக்காது, டீசலும் கூடும். இடிக்காமல் இருக்க ஆஃப்செட் குறைந்த ரிம் போட்டு டயரை வெளியே தள்ளுவார்கள். பேரிங் அடி வாங்கும், சேறு கதவெல்லாம் அடிக்கும். தினமும் காட்டுக்குள் போகிறவர் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்துக் கோத்தா பாருவுக்குப் போகிறவருக்கு எதற்கு?

அளவைவிட நம்மூரில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது: செம்பனை மட்டை. வெட்டிப் போட்ட மட்டையின் காம்பு ஓரத்தில் வரிசையாக முள் இருக்கும். காய்ந்தால் ஆணி மாதிரி. மிதிக்கும் பக்கம் குத்தினால் ஒட்டிவிடலாம், பக்கச்சுவரில் குத்தினால் ஒட்ட முடியாது. அதனால் சாதாரண ஹைவே டயரைத் தோட்டத்துக்குள் விடுவதைவிட, தார், மண் இரண்டுக்கும் ஆன, பக்கச்சுவர் தடித்த ஏடி டயர் மேல். அதிலும் எல்டி என்று போட்டிருப்பது லாரி ரகம். முள்ளுக்கு நன்றாகத் தாங்கும், ஆனால் அதே பாரத்துக்குக் கூடுதல் காற்று கேட்கும், காலி வண்டியில் இடுப்பை ஒடிக்கும். தினமும் குலை ஏற்றுகிறவர் எல்டி வாங்கட்டும். நான் எல்டி இல்லாத ஏடியே போதும் என்று முடிவு செய்தேன்.

அளவைக் கடைசியில் முடிவு செய்தது கணக்கில்லை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அந்த நேரத்தில் லெங்கோங்கிலோ கிரிக்கிலோ டயர் கிழிந்தால், திறந்திருக்கும் ஒரே கடையில் என்ன இருக்கும்? 265/65 ஆர்17 இருக்க வாய்ப்பு அதிகம். இதே அளவில் ஓடும் பிக்கப்புகள் ஏராளம். 285/70-ஐ ஈப்போவில் ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அளவு மாறிய டயர் ஒன்றைப் போட்டுக்கொண்டு தார் ரோட்டில் நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர்வீலைத் தட்டினால், முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றி, இரண்டுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும்.

அதே அளவில் ஏடி வாங்கினேன். டயர் எப்போது செய்தது என்று சொல்லும், பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தையும் பார்த்தேன்: முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும், அடுத்த இரண்டு வருடத்தையும் குறிக்கும். கடைக்காரர் முதலில் உருட்டிவந்த டயரில் 2320, அதாவது 2020-இன் 23-ஆவது வாரம். திருப்பி அனுப்பிவிட்டேன். அப்புறம் ஸ்பேரை இறக்கச் சொன்னேன். “அது புதுசுண்ணே, ஒரு தடவைகூட ஓடல” என்றான் கடைத் தம்பி. பட்டன் தேயவில்லைதான். ஆனால் வண்டி வந்த நாளிலிருந்து அடியில் தொங்கிய ரப்பரில், நகம் வைத்தால் உள்ளே போகிற அளவுக்கு வெடிப்பு. நான்கு என்று போனவன் ஐந்துக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.