போனைக் கொடுத்துவிட்டுத் தே குடிக்கப் போகாதீர்கள்

என் பழைய லேப்டாப் ஒரு நாள் காலையில் திரை கறுத்து அப்படியே போய்ச் சேர்ந்தது. நான் பெரிதாகப் பதறவில்லை. அதில் இருந்த பாட்டுகள் எல்லாம் என் ஐபோனிலும் இருந்தன, ஏறக்குறைய 1,100. கூடவே ஐம்பது அறுபது பிடிஎஃப் புத்தகங்கள். புதுக் கணினி வாங்கி, போனில் இருப்பதை அதற்குள் இறக்கினால் முடிந்தது என்று நினைத்தேன்.

கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சிங்கப்பூரில் எங்கள் பேட்டையில் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் இருக்கிறது. முன்னால் போன் உறைகள் தொங்கும், கண்ணாடியில் டேட்டா மாற்றித் தருவதாக ஒரு தாள் ஒட்டியிருக்கும். இந்த மாதிரிக் கடை இல்லாத பேட்டை ஏது? உள்ளே தமிழ்ப் பையன், வாய் நிறைய "அங்கிள்". பாட்டுக்கு 80 வெள்ளி, புத்தகத்துக்குத் தனியாக 15 வெள்ளி என்றான். ஒரு தாளை நீட்டினான், கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை. படித்திருந்தால், டேட்டா போனால் கடை பொறுப்பில்லை என்ற வரி கண்ணில் பட்டிருக்கும். போனைத் திறக்கும் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பக்கத்துக் காப்பிக்கடையில் தே குடிக்கப் போனேன். இதைவிடப் பெரிய மடத்தனம் கிடையாது.

அரை மணி நேரத்தில் திரும்பினால், "முடிஞ்சிடுச்சு அங்கிள்" என்றான். வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், கணினியில் எட்டே பாட்டு. நான் எப்போதோ காசு கொடுத்து வாங்கியவை. போனிலும் அதே எட்டு. புத்தக அலமாரி காலி.

நடந்தது என்ன என்பது மகள் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. ஐபோனைக் கணினியோடு இணைக்கும் ஆப்பிள் மென்பொருளான ஐடியூன்ஸில் ஒத்திசைவு, அதாவது சிங்க், கணினியிலிருந்து போனுக்குப் போகும் ஒருவழிப் பாதை. பழைய கணினியோடு பழகிய போனைப் புதுக் கணினியில் செருகி, பாட்டு ஒத்திசைவைத் தட்டினால், "இந்தப் போன் வேறொரு நூலகத்தோடு இணைந்திருக்கிறது, அழித்துவிட்டு ஒத்திசைக்கவா?" என்கிற மாதிரி ஒரு கேள்வி வரும். புதுக் கணினியின் நூலகத்தில், அதாவது பாட்டு, புத்தகத் தொகுப்பில், ஒன்றுமே இல்லை. அங்கே சம்மதம் சொன்னால் போனும் அந்த வெறும் நூலகத்தைப் போலவே ஆகிவிடும். பையன் பாட்டுக்கும் புத்தகத்துக்கும் ஒரே அழுத்தாக அழுத்திவிட்டான். வாங்கிய பாட்டுகளை மட்டும் போனிலிருந்து கணினிக்கு ஏற்ற ஐடியூன்ஸில் தனியாக ஒரு வசதி உண்டு. எட்டு பாட்டு பிழைத்தது அப்படித்தான். சிடியிலிருந்தோ கேசட்டிலிருந்தோ நாமே ஏற்றியவை அதில் வராது.

மறுநாள் போய்க் கேட்டேன். "பேக்கப் இருக்கும் அங்கிள், பயப்படாதீங்க" என்றான். கணினியிலிருந்து ஏற்றிய பாட்டுகள் ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுட் பேக்கப்பில் சேர்வதே இல்லை. அதைச் சொன்னதும் முகம் மாறியது. உள்ளேயிருந்து முதலாளி வந்து, 180 வெள்ளி கொடுத்தால் ரிகவரி செய்து தருவதாகச் சொன்னார். நான் பர்ஸை எடுத்தேவிட்டேன், மகள்தான் கையைப் பிடித்தாள். ஐபோனில் ஒவ்வொரு கோப்பும் தனிச் சாவி போட்டுப் பூட்டி வைக்கப்படுவது. கோப்பை அழித்தால் சாவியும் போய்விடும், பிறகு திறக்க வழியில்லை. அழித்தவனே மீட்டுத் தருகிறேன் என்று காசு கேட்பதை என்னவென்று சொல்வது?

சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தைப் பற்றி மகள் பேச்செடுத்தாள். 20,000 வெள்ளி வரை வழக்குக் கொண்டு போகலாம், வக்கீல் வைக்க முடியாது, 5,000 வெள்ளிக்குள் என்றால் நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டணம் 10 வெள்ளி. முதலாளி 95 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான் கிடைத்தது. பாட்டுக்கு யார் விலை போடுவது?

என் மனைவியின் போன் ஆண்ட்ராய்டு. கேபிளைச் செருகி, போனில் வரும் யூஎஸ்பி அறிவிப்பில் கோப்பு மாற்றம் என்பதைத் தொட்டால், கணினியில் போன் ஒரு பென் டிரைவ் மாதிரித் திறக்கிறது. பாட்டு, பதிவிறக்கம் என்ற ஃபோல்டர்களைப் பிடித்து இழுத்துப் போட வேண்டியதுதான். இருபது நிமிடம், ஒரு காசு செலவில்லை. திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம், சில கேபிள்கள் சார்ஜ் மட்டுமே ஏற்றும்.

ஐபோன்காரர்கள் ஒத்திசைவுப் பக்கமே போகாதீர்கள். போனில் உள்ள பாட்டைப் படித்து வெளியே எடுத்துத் தரும் தனி மென்பொருள்கள் இருக்கின்றன. புக்ஸ் செயலியில் இருக்கும் பிடிஎஃபைப் பகிர்வு வழியாகக் கோப்புகள் செயலியில் சேமித்து, அங்கிருந்து கணினிக்கு அனுப்பலாம். இணையக் கடையில் வாங்கிய மின்னூல்களும் நூலக வாரியத்தில் இரவல் எடுத்தவையும் உங்கள் கணக்கில்தான் இருக்கின்றன. உள்நுழைந்தால் போதும், அதற்கு எவனுக்கும் 15 வெள்ளி தர வேண்டாம்.

பிடிஎஃப்களில் பாதியை என் பழைய மின்னஞ்சல்களில் தேடி எடுத்துவிட்டேன். போன பாட்டுகளில் பெரும்பாலானவை எங்கேயும் கிடைப்பவை, அதற்காக நான் அழவில்லை. ஆனால் அப்பா சிங்கப்பூர் வானொலியிலிருந்து கேசட்டில் பிடித்து வைத்த நாடகங்கள் சில இருந்தன, இடையிடையே அவர் இருமுவதும் கேட்கும். அக்கா ஈசூன் வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னில் பதினோரு கேசட்டை வைத்திருந்தாள். தேக்காவில் அலைந்து பழைய பிளேயர் ஒன்று பிடித்தேன். இதை எழுதும்போது மூன்றாவது கேசட் ஓடுகிறது, ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். பி பக்கத்துக்குத் திருப்ப வேண்டும்.