சிறைத் தொலைபேசிச் சேவை: பணம் கட்டுபவர் ஒருவர், வாடிக்கையாளர் வேறொருவர்

அமெரிக்க மாநிலச் சிறைகளில் இருப்பவர்களோடு பேசப் பயன்படும் தொலைபேசிச் சேவையை மதிப்பிடும்போது, குரல் தெளிவாகக் கேட்கிறதா, செயலி ஒழுங்காக இயங்குகிறதா என்ற கேள்விகளோடு நிறுத்திக்கொள்ள முடியாது. இந்தச் சேவையைத் தேர்ந்தெடுப்பது மாநிலச் சிறைத்துறை, பேசுவது சிறைவாசி, பணம் கட்டுவது வெளியே இருக்கும் தாயோ மனைவியோ நண்பரோ. பிடிக்கவில்லை என்று வேறொரு நிறுவனத்துக்கு மாறும் வழி, பணம் கட்டுபவருக்கும் இல்லை, பேசுபவருக்கும் இல்லை. ஒவ்வொரு சிறைக்கும் ஒப்பந்தம் பெற்ற ஒரே நிறுவனம்தான் உண்டு. ஆகவே சேவையின் தரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அதன் விலை எங்கிருந்து வருகிறது என்பதற்கே இந்த மதிப்புரையில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முன்பு என்னோடு வேலை பார்த்த ஒருவருடன் பேசுவதற்காக இத்தகைய நிறுவனம் ஒன்றில் முன்பணக் கணக்கு வைத்திருக்கிறேன். கணக்கைத் தொடங்குவது கடினமில்லை: பெயர், தொலைபேசி எண், கடன் அட்டை விவரம், குறைந்தபட்ச வைப்புத் தொகை ஆகியவை போதும். நாம் அழைக்க முடியாது. அவர்தான் உள்ளிருந்து அழைக்க வேண்டும். பல மாநிலங்களில் நம் எண் முன்கூட்டியே அனுமதிப் பட்டியலில் ஏற வேண்டும். அழைப்பு வந்ததும் பதிவு செய்யப்பட்ட குரல் ஒன்று, இது இன்ன சிறையிலிருந்து வரும் அழைப்பு, இந்த உரையாடல் பதிவாகிறது, கண்காணிக்கப்படலாம் என்று அறிவித்து, ஏற்பதற்கு ஓர் எண்ணை அழுத்தச் சொல்கிறது. பேச்சின் நடுவிலும் அந்த அறிவிப்பு குறுக்கிடுவதுண்டு. மாநிலத்தைப் பொறுத்து 15, 20 அல்லது 30 நிமிடங்களில் இணைப்பு தானாகவே துண்டிக்கப்படும். கடைசி நிமிடத்தில் ஓர் எச்சரிக்கை ஒலிக்கும்.

ஒலியின் தரம் சுமார்தான். பொதுக்கூடத்தில் சுவரோடு பொருத்திய தொலைபேசியிலிருந்து பேசினால் பின்னால் தொலைக்காட்சியும் பிறர் பேச்சும் கேட்கும். கைக்கணினி வழியாகப் பேசினால் தெளிவு கூடுகிறது, ஆனால் சிறைக்குள் இருக்கும் கம்பியில்லா இணைப்பு அடிக்கடி தடுமாறுகிறது. வெளிநாட்டில் பெற்றோர் இருக்கும் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அழைப்பு வந்திருக்கும்போதே மூன்றாவது ஒருவரை அதில் இணைப்பது எல்லா இடங்களிலும் தடை செய்யப்பட்டிருக்கிறது. அமைப்பு அதைக் கண்டுபிடித்தால் அழைப்பு துண்டிக்கப்படும், உள்ளே இருப்பவர் மீது ஒழுங்கு நடவடிக்கையும் வரலாம். மகனின் குரலைத் தாய் கேட்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு செய்வது அவனுடைய தொலைபேசி உரிமையையே பறித்துவிடக்கூடும்.

இனி விலைக்கு வருவோம். 2018-இல் இல்லினாய் மாநிலச் சிறைகளில் ஒரு நிமிடப் பேச்சுக்கு ஒரு சென்ட்டுக்கும் குறைவாகவே வசூலிக்கப்பட்டது. அதே ஆண்டு டெக்சஸ் மாநிலம் புதிய ஒப்பந்தம் போட்டு, நிமிடத்துக்கு 26 சென்ட்டாக இருந்த கட்டணத்தை 6 சென்ட்டாகக் குறைத்தது. கனெக்டிகட்டிலோ அந்தக் காலத்தில் 15 நிமிட அழைப்பு ஒன்றுக்கு ஏறத்தாழ 5 டாலர் ஆனது. மூன்று மாநிலங்களிலும் இணையவழிக் குரல் அழைப்பு ஏறத்தாழ ஒரே மாதிரியானது. பதிவு செய்தல், குரல் அடையாளம் காணுதல், அனுமதிப் பட்டியல் சரிபார்த்தல் போன்ற பாதுகாப்பு வேலைகளும் அப்படியே. பாதுகாப்புக்கு ஆகும் செலவே கட்டணத்தை ஏற்றுகிறது என்று நிறுவனங்கள் சொல்வதை இந்த எண்களோடு வைத்துப் பார்த்தால் அந்த வாதம் நிற்கவில்லை. ஒரு சென்ட்டுக்குக் குறைவாக ஓரிடத்தில் முடிந்தது வேறோர் இடத்தில் 30 சென்ட்டுக்கு மேல் போவதற்குக் காரணம் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது.

அந்த ஒப்பந்தங்களின் உயிர்நாடி கமிஷன். சிறைத்துறை ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, குறைந்த கட்டணத்தில் சேவை தருபவருக்கு வேலையைக் கொடுப்பதற்குப் பதிலாக, வசூலாகும் பணத்தில் அரசுக்கு அதிகப் பங்கு தருபவருக்குக் கொடுக்கும் வழக்கம் பல மாநிலங்களில் வேரூன்றியது. சாதாரணச் சந்தையில் போட்டி விலையைக் குறைக்கும். இங்கே போட்டி மிகுந்தால் விலை ஏறும். நியூயார்க் மாநிலம் 2007 வரை வசூலில் 57.5 விழுக்காட்டை வாங்கிக்கொண்டிருந்தது. கனெக்டிகட்டின் பங்கு அதைவிடப் பெரியது. ஆண்டுக்குச் சுமார் 70 லட்சம் டாலர் அரசுக் கணக்கில் சேர்ந்தது, அதில் ஒரு பகுதி நன்னடத்தைக் கண்காணிப்பு ஊழியர்களின் சம்பளத்துக்குப் போனது. டெக்சஸில் மாநிலத்தின் பங்காக வரும் பணத்தில் முதல் ஒரு கோடி டாலர் குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டு நிதிக்குப் போகும்படி சட்டம் இருக்கிறது.

இழப்பீட்டு நிதி நல்ல நோக்கம் உடையது, கண்காணிப்பு ஊழியர் தேவையானவர். இதில் எனக்கு மாறுபாடு இல்லை. வேறு சில இடங்களில் இந்தப் பணத்தில் நூலகப் புத்தகமும் விளையாட்டுப் பொருளும் வாங்குகிறார்கள். ஆனால் இவை அனைத்தும் மாநிலத்தின் பொதுச் செலவுகள். பொதுச் செலவை எல்லாரிடமும் வாங்கும் வரியிலிருந்து செய்வதற்குப் பதிலாக, சிறையில் ஒருவரை வைத்திருக்கும் குடும்பங்களிடம் மட்டும் நிமிடக் கணக்கில் வசூலிப்பது, சட்டமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வராமலே போடப்படும் வரி. தொலைபேசிக் கட்டணமாக வேடமிட்டு வருவதால் அதை யாரும் வரி என்று சொல்வதில்லை.

அரசிடம் பணமில்லை என்ற வாதமும் இங்கே செல்லாது. கலிஃபோர்னியா மாநிலம் ஒரு சிறைவாசிக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கும் மேல் செலவிடுகிறது. அதில் பெரும்பகுதி ஊழியர் சம்பளத்துக்கும் மருத்துவத்துக்கும் போகிறது. அத்தனை பெரிய நிதியில் தொலைபேசிக்கான செலவு ஒரு விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. குடும்பங்களின் கணக்கிலோ நிலைமை நேர்மாறானது. டெக்சஸிலும் ஜார்ஜியாவிலும் சிறைக்குள் செய்யும் பெரும்பாலான வேலைகளுக்குக் கூலியே கிடையாது. கூலி தரும் பல மாநிலங்களிலும் ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பது சில பத்து சென்ட்டுகள்தான். எனவே உள்ளே இருப்பவர் சம்பாதித்துப் பேசிக்கொள்வார் என்பது நடக்காத காரியம். வாடகை கட்டிவிட்டு மிச்சம் பார்க்கும் ஒரு குடும்பத்துக்கு, பிள்ளைகள் தந்தையோடு வாரத்தில் சில முறை பேசுவது நுகர்வுச் செலவு அன்று, ஒரு மாதாந்தரக் கடன்.

இந்த அமைப்பை முதலில் உலுக்கியவர் மார்த்தா ரைட் என்ற பாட்டி. வாஷிங்டன் நகரில் வாழ்ந்த அவர், தொலைவில் இருந்த சிறைகளுக்கு மாற்றப்பட்ட தன் பேரனோடு பேசக் கட்டிய பணத்தை எதிர்த்து 2000-இல் வழக்குத் தொடுத்தார்; நீதிமன்றம் கைகாட்டியபடி 2003-இல் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையத்திடம் மனு கொடுத்தார். ஆணையம் பதில் சொல்லப் பத்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. 2013-இல், மிக்னன் கிளைபர்ன் பொறுப்புத் தலைவராக இருந்தபோது, மாநில எல்லையைத் தாண்டும் அழைப்புகளுக்கு முன்பணக் கணக்கில் நிமிடத்துக்கு 21 சென்ட், பெறுபவர் கட்டும் அழைப்பில் 25 சென்ட் என்று வரம்பு விதிக்கப்பட்டது. மாநிலத்துக்குள்ளேயே பேசும் அழைப்புகளுக்கும் வரம்பு வைத்த 2015-ஆம் ஆண்டு ஆணையை 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. பெரும்பாலான சிறை அழைப்புகள் மாநிலத்துக்குள்தான் நடக்கின்றன என்பதால் அந்தத் தீர்ப்பின் இழப்பு பெரிது. மார்த்தா ரைட் 2015-இல் காலமாகிவிட்டார். அவர் பெயரைத் தாங்கிய சட்டம் 2023 ஜனவரியில் கையெழுத்தாகி, மாநிலத்துக்குள் நடக்கும் அழைப்புகளையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை ஆணையத்துக்குக் கொடுத்தது.

அச்சட்டத்தின்படி 2024 ஜூலையில் வந்த ஆணை, என் பார்வையில், இந்தத் துறையில் இதுவரை வந்தவற்றுள் மிகத் தெளிவானது. மாநிலச் சிறைகளில் குரல் அழைப்புக்கு நிமிடத்துக்கு 6 சென்ட் என்ற வரம்பு, கமிஷனுக்குத் தடை, பணம் போடுவதற்கென்று தனியாக வாங்கும் கூடுதல் கட்டணங்களுக்குத் தடை ஆகிய மூன்றும் அதில் இருந்தன. ஆனால் 2025 ஜூன் முடிவில் ஆணையம் நடைமுறைக்கான கெடுவை 2027 ஏப்ரலுக்குத் தள்ளியது. அக்டோபரில் வரம்புகளையே உயர்த்தி வாக்களித்தது. இந்தச் சேவையைப் பயன்படுத்துபவர் விதிகளைத் தம் தோள்மேல் நிற்கும் காவலாக எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மாநிலங்கள் தாமாகவே எடுத்த முடிவுகள் நம்பகமானவையாகத் தெரிகின்றன. கனெக்டிகட் 2021-இல் சட்டம் இயற்றி, சிறை அழைப்புகளை இலவசமாக்கிய முதல் மாநிலம் ஆனது. மறு ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. 70 லட்சம் டாலர் வருமானத்தை விட்டுக்கொடுத்த மாநிலமே இதை முதலில் செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 2023 தொடக்கத்திலிருந்து கலிஃபோர்னியா, அவ்வாண்டு நடுவில் மின்னசோட்டா, ஆண்டின் கடைசியில் மாவட்டச் சிறைகளையும் சேர்த்து மாசசூசெட்ஸ், 2025 ஆகஸ்டில் நியூயார்க் என்று பட்டியல் நீண்டது. கொலராடோ மட்டும் படிப்படியாக இலவசமாக்கும் சட்டத்தை 2023-இல் போட்டுவிட்டு, 2025-இல் நிதிப் பற்றாக்குறையைக் காட்டி முழு விலக்கை ஓராண்டு தள்ளிவைத்தது. சிறைக் கட்டடத்துக்கும் காவலர் மிகைநேரத்துக்கும் பணம் தேடும் மாநிலங்கள், வெட்டும்போது முதலில் எதன்மேல் கைவைக்கின்றன என்பதை இந்த ஒரு முடிவே காட்டுகிறது.

இலவசமான இடங்களில் சேவை எப்படி மாறுகிறது? நிறுவனம் மாறுவதில்லை, மென்பொருள் மாறுவதில்லை, பதிவு அறிவிப்பும் மாறுவதில்லை. நிமிடத்துக்கு இவ்வளவு என்று இப்போது அரசு கட்டுகிறது. தன் பையிலிருந்து போவதால் பேரம் பேசவும் கற்றுக்கொள்கிறது. பேசும் நேரம் கூடுகிறது, அதனால் தொலைபேசிக்கு முன் வரிசையும் கூடுகிறது. கைக்கணினி கொடுக்காத சிறைகளில் இந்த வரிசையே புதிய சிக்கல். இன்னொன்றும் உண்டு: குரல் அழைப்பில் இழந்ததை நிறுவனங்கள் காணொளி அழைப்பு, மின்னஞ்சல் போன்ற குறுஞ்செய்தி, பாடல், திரைப்படம் ஆகியவற்றின் கட்டணத்தில் தேடுகின்றன. ஒரு செய்திக்கு ஓர் ‘அஞ்சல்தலை’ என்று விற்கும் முறை அப்படிப்பட்டது. வெளியுலகில் யாரும் காசு கொடுக்காத ஒன்றை அஞ்சல்தலை என்ற பழகிய பெயரில் விற்கும் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

புதிதாகக் கணக்குத் தொடங்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள், முதலில் அந்த மாநிலத்தின் இன்றைய நிமிடக் கட்டணத்தைச் சிறைத்துறையின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் செயலி அதைக் கடைசித் திரையில்தான் காட்டுகிறது. ஒவ்வொரு முறை பணம் போடும்போதும் தனிக் கட்டணம் பிடிக்கும் இடங்களில், சிறு சிறு தொகையாகப் போடுவது இழப்பு. வழக்கறிஞரின் எண்ணைத் தனியுரிமை உள்ள எண்ணாக முறைப்படி பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவு செய்யாவிட்டால் அந்த உரையாடலும் மற்றவற்றைப் போலவே சேமிக்கப்படும். குரல் அழைப்பு மலிவாக இருக்கும் மாநிலத்தில் குறுஞ்செய்திக்குப் பணம் கட்டுவது பெரும்பாலும் வீண்.

உள்ளே இருப்பவர் விடுதலையாகும்போது அல்லது வேறு சிறைக்கு மாறும்போது, கணக்கில் மிஞ்சியிருப்பதை உடனே எழுத்து மூலம் திரும்பக் கேளுங்கள். ஜி.டி.எல். நிறுவனம், இப்போது வயாபாத் என்ற பெயரில் இயங்குவது, சில மாதங்கள் பயன்படாமல் கிடந்த கணக்குகளின் இருப்பை எடுத்துக்கொண்டது என்ற கூட்டு வழக்கில் 6.7 கோடி டாலர் வரையிலான சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகு ஆணையம் அந்தப் பழக்கத்தைத் தடை செய்து, இருப்பைத் திருப்பித் தரும் பொறுப்பை நிறுவனங்கள்மேல் வைத்திருக்கிறது. கோரிக்கையின் நகலையும், கணக்கு இருப்பைக் காட்டும் திரையின் படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். பணம் வரத் தாமதமானால் ஆணையத்தின் நுகர்வோர் பிரிவில் கட்டணமில்லாமல் புகார் பதியலாம், அங்கே இந்த இரண்டும் உதவும்.