தேயிலைக் காஃபீன் செய்முறைக்கு டெஃப்லான் ஸ்டாப்காக் பிரிபுனல்: ஒரு மதிப்பீடு

தேயிலையிலிருந்து காஃபீனைப் பிரித்தெடுக்கும் செய்முறை கல்லூரி வேதியியல் ஆய்வகங்களுக்குப் பழகிய ஒன்று. அது நன்றாக அமைவதும் கெட்டுப்போவதும் பெரும்பாலும், ஒன்றோடொன்று கலக்காத இரு திரவங்களை அடுக்குகளாகப் பிரிக்க உதவும் கண்ணாடிக் கலமான பிரிபுனலில்தான் முடிவாகிறது. ஆகவே எங்கள் ஆய்வகத்திற்கு அண்மையில் வாங்கிய, டெஃப்லான் ஸ்டாப்காக் (அடியில் திரவ ஓட்டத்தைத் திறந்து மூடும் திருகு) பொருத்திய 250 மி.லி. போரோசிலிகேட் பிரிபுனலை இந்த ஒரு செய்முறையைக் கொண்டே எடைபோட்டிருக்கிறேன். கண்ணாடி ஸ்டாப்காக் உள்ளதைவிட இதன் விலை கூடுதல்தான் என்றாலும், அந்தக் கூடுதல் தொகை வீண் அல்ல என்பதே என் முடிவு.

பத்து கிராம் டஸ்ட் தேயிலையைச் சோடியம் கார்பனேட் சேர்த்து நீரில் கொதிக்கவைத்து, வடிகட்டி, நன்றாக ஆறவிட்ட சாற்றை, நீரைவிடக் கனமான கரிமக் கரைப்பானான டைகுளோரோமீத்தேனுடன் கலந்து பிரிக்கிறோம். கார்பனேட், தேயிலையின் துவர்ப்புப் பொருள்களான டானின்களை நீரிலேயே தங்கிவிடும் உப்புகளாக மாற்றுவதால், கரிமக் கரைப்பானுக்குள் போவது பெரும்பாலும் காஃபீன் மட்டுமே. உலர்ந்த தேயிலையில் காஃபீன் ஏறத்தாழ 2 முதல் 4 விழுக்காடு என்பதால், இழப்பே இல்லாமல் எடுத்தாலும் கையில் வருவது 200 முதல் 400 மில்லிகிராம் வரைதான். இவ்வளவு சிறிய அளவில், கண்ணாடி ஸ்டாப்காக்கில் தடவும் கிரீஸைக் கரைப்பான் கரைத்துக்கொண்டு வந்தால், கரைப்பான் ஆவியான பின் அதுவும் காஃபீனோடு சேர்ந்து எடையை ஏற்றிக் காட்டும். 235 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டிய உருகுநிலையோ கீழே இறங்கிவிடும். டெஃப்லானுக்குக் கிரீஸ் தேவையில்லை. காரக் கரைசல் உலர்ந்து கண்ணாடித் திருகு இறுகிப்போகும் பழைய தொல்லையும் இதில் இல்லை.

பால்மம் (ஒரு திரவம் மற்றதில் நுண்துளிகளாகப் பரவிப் பிரியாமல் நிற்கும் நிலை) உருவாவதை மட்டும் இந்தப் புனலும் தடுக்காது, வேறெந்தப் புனலும் தடுக்காது. டானின் உப்புகள் சோப்பைப் போல நடந்துகொள்வதால், வேகமாகக் குலுக்கினால் இரு அடுக்குகளுக்கும் நடுவே பழுப்பு நிறத்தில் ஒரு நுரைப்படலம் உண்டாகி வெகுநேரம் அடங்காமல் நிற்கும். புனலைப் படுக்கைவாட்டில் பிடித்து மெதுவாக உருட்டுவதும், தேவைப்பட்டால் சிறிது உப்பு சேர்ப்பதுமே கை கொடுக்கின்றன. எனினும் கீழ்நோக்கி ஒடுங்கும் இதன் கூம்பு வடிவம் ஓர் உதவி செய்கிறது: இரு அடுக்குகளின் எல்லையான பிரிகோடு இறங்க இறங்க அதன் பரப்பு குறுகுவதால், கடைசிச் சொட்டுகளில் எது காஃபீன் கரைசல், எது தேயிலைச் சாறு என்பதைக் கண் எளிதில் பிடித்துக்கொள்கிறது. ஸ்டாப்காக் சீராகச் சுழல்வதால் ஓட்டத்தைச் சொட்டுச் சொட்டாகக் குறைத்து நிறுத்தவும் முடிகிறது.

இந்த நுண்மை எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். டைகுளோரோமீத்தேனுக்கும் நீருக்கும் இடையே காஃபீனின் பங்கீட்டுக் குணகத்தை (இரண்டிலும் அது கரைந்து நிற்கும் செறிவுகளின் விகிதத்தை) 9 என்று கொண்டால், 60 மி.லி. சாற்றை 60 மி.லி. கரைப்பானால் ஒரே முறையில் பிரிக்கும்போது பத்தில் ஒரு பங்கு காஃபீன் சாற்றிலேயே தங்கிவிடும். அதே 60 மி.லி. கரைப்பானை மூன்று 20 மி.லி. பங்குகளாக்கினால் தங்குவது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. ஒரே புனலில் மூன்று முறை திறந்து மூட வேண்டியிருக்கும் வேலைக்கு நல்ல ஸ்டாப்காக் ஆடம்பரம் ஆகாது.

குறைகளும் உண்டு. உடன் வந்த பிளாஸ்டிக் மூடி கரைப்பான் ஆவி பட்டு உப்பி, கழுத்தில் சரியாக உட்கார மறுத்தது. அளவு பொருந்தும் கண்ணாடி மூடியைத் தனியே வாங்க நேர்ந்தது. வெப்பநிலை மாறும்போது டெஃப்லான் கண்ணாடியைவிடப் பல மடங்கு விரிந்து சுருங்குவதால், காலையில் முதல் வேலையாகத் திருகுமறையைச் சற்று இறுக்கிவிட்டு, வெறும் நீரை ஊற்றிக் கசிவு பார்ப்பது அவசியம். ஸ்டாப்காக்கைப் பொருத்தியபடியே உலர்வடுப்பில் வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கையைத் தயாரிப்பாளர் பெட்டியில் எங்கும் அச்சிடவில்லை. மாணவர்கள் கையாளும் பொருளுக்கு அது பெரிய விடுபடல்.

இன்னொன்று புனலின் குறையன்று, நம் ஊர் வெயிலின் குறை. டைகுளோரோமீத்தேன் ஏறக்குறைய 40 டிகிரியிலேயே கொதிக்கும். சென்னையின் மே மாதப் பகல் அந்த அளவைத் தொடக்கூடியது. எனவே சாற்றைப் பனிக்கட்டி நீரில் குளிரவைத்த பிறகே புனலில் ஊற்ற வேண்டும், தண்டை மேல்நோக்கிப் புகைப்பெட்டியின் (ஆவிகளை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்பின்) உட்பக்கமாகத் திருப்பி அடிக்கடி அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். இதற்கு ஸ்டாப்காக்கை ஒரு கையாலேயே திறக்க முடிவது பெரும் வசதி.

கரைப்பானின் நச்சுத்தன்மையைக் கருதி எத்தில் அசிட்டேட்டுக்கு மாறும் ஆய்வகங்கள், அது நீரைவிட இலேசானது என்பதால் காஃபீன் அடுக்கு மேலே நிற்கும் என்பதையும், ஒவ்வொரு முறையும் சாற்றைக் கீழே இறக்கிவிட்டு மீண்டும் ஊற்ற வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்; அவர்கள் இதே புனலை இரண்டாக வாங்கிக்கொள்வது நல்லது.