நேப்பர்வில் நார்த் சென்ட்ரல் காலேஜ் அமெரிக்கன் ஃபுட்பால்: 2024 சீசன் முழுசா பார்த்தவனோட ரிவ்யூ

சிகாகோ சுத்துப்பட்டுல இருக்கற நம்ம ஆளுங்களுக்காக எழுதறேன். ஊர்லேர்ந்து அப்பா அம்மா ஆறு மாசத்துக்கு வந்திருப்பாங்க, நயாகரா காட்டியாச்சு, அரோரா பாலாஜி கோயிலுக்கு நாலு தடவை போயாச்சு, இனிமே சனிக்கிழமை என்ன பண்றதுன்னு முழிப்பீங்கல்ல, அப்ப நேரா நேப்பர்வில்ல இருக்கற இந்த காலேஜ் கிரவுண்டுக்கு வண்டிய விடுங்க. டிக்கெட் சினிமாவுக்குப் போற செலவுதான். மொத்தமே 5,500 பேர் உக்கார்ற ஸ்டேடியம், அதனால எங்க உக்காந்தாலும் நல்ல சீட்டுதான்.

பெரிய லீக் மேட்ச்னா மேல் மாடில உக்காந்து எறும்பு ஊர்றத பார்க்கற மாதிரி இருக்கும், கடைசில பெரிய ஸ்க்ரீனத்தான் பார்ப்போம். இங்க மூணாவது வரிசைல உக்காந்தா ரெண்டு பேர் மோதற சத்தம் விடலைத் தேங்காய் உடைச்ச மாதிரி காதுல விழும், பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தற குவார்ட்டர்பேக் கத்தற கோட் வார்த்தை கூட கேக்கும், ஒண்ணும் புரியாது அது வேற விஷயம்.

எங்க அப்பா திருநெல்வேலிப் பக்கம், பொங்கலுக்குப் பொங்கல் கபடி ஆடின ஆளு. முதல் மேட்ச்ல அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு "என்னல இது, ஒரு நிமிஷம் ஆடுதானுவ, ஒம்போது நிமிஷம் நிக்கானுவ"ன்னு சொல்லிட்டாரு. நான் பொறுமையா, நாலு சான்ஸ் இருக்குப்பா, அதுக்குள்ள 10 யார்டு முன்னேறணும், முன்னேறினா மறுபடி நாலு, இல்லன்னா பந்து அவனுக்குப் போயிடும்னு சொன்னேன், அப்புறம் ஓரத்துல ரெண்டு பேர் குச்சியும் சங்கிலியுமா அளக்கறத காட்டினேன், அவ்வளவுதான், ரெண்டாவது பாதில என்னைவிட நல்லா கத்தினாரு. "சம்பளம் எவ்வளவு இருக்கும்?"னு கேட்டாரு. சம்பளம் என்ன, இது காலேஜ் விளையாட்டுல மூணாவது பிரிவு, டிவிஷன் 3, விளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப்பே கிடையாது, ஃபீஸ் கட்டிப் படிக்கற பசங்கதான் இவ்வளவு அடி வாங்கறாங்கன்னு சொன்னேன். "கூறு கெட்ட பயலுவ"ன்னாரு.

மேட்ச் முடிஞ்சதும் கிளம்பிடாதீங்க, அங்கதான் விஷயமே இருக்கு. பசங்க கம்பி வேலிப் பக்கம் வருவாங்க, குடும்பம் பூரா நிக்கும். கதவு மாதிரி ஒரு லைன்மேன் (முன்வரிசைல நின்னு மோதற ஆளு), விரல் பத்துலயும் அழுக்கு டேப்பு, அவன் அம்மா ஒரு டப்பாவ நீட்டுறாங்க, அவன் அந்த டேப்பு விரலோடயே நின்ன வாக்குல சாப்பிடறான். அப்பா என் முழங்கைய இடிச்சு "கட்டுச்சோறுல"ன்னாரு. கைய நீட்டி அவனுக்கு ஒரு வாழ்த்து சொன்னேன், தேங்க்ஸ் சொல்லிட்டு திங்கக்கிழமை அக்கவுண்டிங் டெஸ்ட் இருக்குன்னு மூஞ்சிய சுளிச்சான்.

இந்த டீம் சாதாரண டீம்னு நினைச்சுடாதீங்க. 2019ல முதல் தேசிய சாம்பியன்ஷிப், 2021லேர்ந்து தொடர்ந்து ஃபைனல், 2022ல மறுபடி கப்பு. கோச் பிராட் ஸ்பென்சர் இதே காலேஜ்ல பாஸ் பிடிக்கற ரிசீவரா ஆடினவர், தலைமை கோச்சான முதல் வருஷமே அடிச்ச கப்பு அது.

ஆனா 2023 ஃபைனல் தெரியாம 2024ஓட ருசி புரியாது. வர்ஜீனியாவுல சேலம்னு ஒரு ஊர் (சேலமேதான், மாம்பழம்தான் இல்ல), எதிர்ல நியூயார்க் மாநிலத்து கார்ட்லண்ட். ஒண்ணரை நிமிஷம் கூட பாக்கி இல்லாத நேரத்துல நம்ம பசங்க பந்தை கடைசிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் டச்டவுன் போட்டு, அவங்க 38 நம்ம 37ன்னு ஆக்கிட்டாங்க. இப்ப பந்தை உதைச்சு கம்பத்துக்கு நடுவுல அனுப்பினா 1 பாயின்ட், டை, பேசாம ஓவர்டைமுக்குப் போயிடலாம். இல்லன்னா 3 யார்டுலேர்ந்து இன்னொரு தடவை ஓடியோ பாஸ் போட்டோ உள்ள போனா 2 பாயின்ட், லீடு நம்ம கையில. இவங்க 2க்கு இறங்கினாங்க. கிடைக்கல. நான் சோபாவுல காராசேவு தட்டோட அப்படியே உக்காந்திருந்தேன், எதுக்குய்யா ரிஸ்க்குனு அன்னிக்கு திட்டினேன், இப்ப கேட்டா அதுதான் சரின்னு சொல்லுவேன்.

அந்தக் கடுப்பு 2024ல ஒவ்வொரு மேட்ச்லயும் தெரிஞ்சுது. குறை சொல்லணும்னா அதான், லீக் மேட்ச் பாதிக்கு மேல இடைவேளைலயே முடிஞ்சு போயிடுது, டென்ஷன் வேணும்னு போறவங்க பக்கத்து ஊர் வீட்டன் காலேஜோட மோதற மேட்ச்சுக்குப் போங்க. ஜெயிக்கறவங்களுக்கு லிட்டில் பிராஸ் பெல்னு ஒரு பித்தளை மணி, பூஜை ரூம் மணிக்கு அண்ணன் மாதிரி இருக்கும், அதுக்கு இவ்வளவு சண்டையான்னு தோணும், 1946லேர்ந்து அதுக்குத்தான் அடிச்சுக்கறாங்க.

2024ல குவார்ட்டர்பேக்கா ஆடின லூக் லெனன பத்தி தனியா சொல்லணும். பாஸ் போடறதோட நிறுத்த மாட்டான், வழி கிடைச்சா தானே தூக்கிட்டு ஓடிடுவான், பிடிக்கப் போறவன் கடைசி வரைக்கும் எதுன்னு தெரியாம ரெண்டுங்கெட்டானா நிப்பான். அந்த வருஷம் டிவிஷன் 3லயே சிறந்த ஆட்டக்காரனுக்கான கல்யார்டி டிராஃபி அவனுக்குத்தான். மூச்சுப் பிடிச்சு ஆடற கபடி ரெய்டர்னு அப்பா பேர் வச்சாரு.

போறவங்களுக்கு ஒரு விஷயம், அக்டோபர் கடைசிக்கு மேல அலுமினிய பெஞ்ச் ஐஸ் கட்டிதான், பழைய போர்வை ஒண்ணு மடிச்சு எடுத்துட்டுப் போங்க. நான் ஆன்லைன்ல ஒரு கடைல அஞ்சு ஸ்டார் பார்த்து மழைக்கோட்டு வாங்கினேன், முதல் தூறல்லயே தோள்பட்டை தையல் வழியா தண்ணி இறங்கிடுச்சு, ரிட்டர்னும் எடுத்துக்கல. அந்த அஞ்சு ஸ்டார நம்பாதீங்க, என் நாலரைய நம்புங்க. அரை ஸ்டார் வெட்டினது சிகாகோ காத்துக்கு.

அப்பா டிசம்பர்ல ஊருக்குக் கிளம்பிட்டாரு. ஃபைனல் 2025 ஜனவரி 5, ஹூஸ்டன்ல, எதிர்ல 13 தடவை சாம்பியனான மவுன்ட் யூனியன். 41-25. 15 மேட்ச், 15 ஜெயிப்பு. நான் தனியா வீட்ல குதிச்சுட்டு இருக்கறப்பவே போன் அடிக்குது, அங்க திங்கக்கிழமை காலைல, பின்னாடி டீக்கடை சத்தம்.

"எல, என்னாச்சு?"

ஜெயிச்சுட்டாங்கப்பா.

"அந்தக் கட்டுச்சோத்துப் பய ஆடுனானா?"