தியாகச் சிகரம்: படம் பார்த்தவர் ஐந்தாம் பாகத்தை நேரே எடுக்கலாமா?

கும்பகோணத்து நண்பர் ஒருவர் கேட்டார்: “பொன்னியின் செல்வன் ரெண்டு படமும் பார்த்தாச்சு. கதை தெரியும். கடைசிப் பாகத்தை மட்டும் வாங்கிப் படிச்சா போதாதா?” போதாது. கல்கியின் அந்த நாவலுக்கு ஐந்து பாகங்கள், கடைசிப் பாகத்தின் பெயர்தான் ‘தியாகச் சிகரம்’. அதை மட்டும் படித்தால் ஏன் போதாது என்று விளக்கத்தான் இதை எழுதுகிறேன். கதைச் சுருக்கம் இதில் இருக்காது. ஆனால் முடிவு வரை பேசியிருக்கிறேன், அது தெரியக் கூடாது என்பவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம்.

முதலில் அளவு. ஐந்து பாகங்களிலும் சேர்த்து 293 அத்தியாயங்கள். முதல் நான்கு பாகங்களில் முறையே 57, 53, 46, 46. ஐந்தாவதில் மட்டும் 91. மொத்தக் கதையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரே பாகத்தில் இருக்கிறது. செட்டாக வாங்கினால் மற்ற நான்கும் கைக்கு அடக்கமாக இருக்கும், இது செங்கல் மாதிரி கனக்கும்.

இந்தப் பாகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வைப்பது காதலோ சதியோ இல்லை, தண்ணீர்தான். காவிரிப் படுகைக்காரருக்கு இது உடனே பிடிபடும். முதல் பாகம் ஆடிப்பெருக்கில், வீரநாராயண ஏரிக் கரையில் தொடங்குகிறது. அது மேற்கிலிருந்து வரும் தண்ணீர். குடகில் பெய்த மழை ஆற்றோடு வந்து சேர்வதால் வருவது முன்கூட்டியே தெரியும், பூவும் காதோலையும் கருகமணியும் வைத்துக் கும்பிட்டு வரவேற்கலாம். ஐந்தாம் பாகத்தில் வருவதோ கிழக்குத் தண்ணீர். புயலோடு கடல் எழும்பி நாகப்பட்டினத்துக்குள் வருகிறது, வயலுக்கும் வாய்க்காலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது. கடல் மட்டம் உயர்ந்து நிற்கும்போது ஆறு வடிய முடியாது. மேலே இருந்து வெள்ளம் வந்துகொண்டே இருக்கும், கீழே வாய் அடைத்திருக்கும். அந்த நேரத்தில்தான் கரை உடையும். ‘கடல் பொங்கியது’ என்ற அத்தியாயத்துக்குப் பின் சில அத்தியாயங்கள் தள்ளி ‘கரை உடைந்தது’ வருகிறதே, அந்த வரிசையே சரியான வரிசை.

கரை உடைப்பைப் பார்த்து வளர்ந்தவர்கள் அந்தப் பக்கங்களை வேறு மாதிரிப் படிப்பார்கள். ஆறு வளைகிற இடத்தில் வெளிக்கரையில்தான் நீர் மோதும். நண்டு வளையோ எலி வளையோ பட்டுப்போன மரத்தின் வேர் விட்டுப்போன ஓட்டையோ இருந்தால் முதல் கசிவு அங்கே தெரியும். கசிகிற தண்ணீர் தெளிவாக இருக்கும்வரை மணல் மூட்டையும் சவுக்குக் கட்டையும் போட்டுச் சமாளிக்கலாம். கலங்கலாக வர ஆரம்பித்தால் கரை உள்ளுக்குள்ளேயே கரைகிறது என்று அர்த்தம், ஆட்களை அப்புறப்படுத்த வேண்டியதுதான். நாவலில் இவ்வளவு விளக்கம் கிடையாது. ஆனால் கொள்ளிடத்தில் படகு கவிழ்ந்து பெரிய பழுவேட்டரையர் கரையேறும் அத்தியாயங்களைப் படிக்கும்போது இதெல்லாம் தானாக நினைவுக்கு வரும்.

இன்னொரு இடம் ‘கூரை மிதந்தது’. வெள்ளத்தில் கொடும்பாளூர் இளவரசி வானதி ஒரு கூரையைப் பற்றிக்கொண்டு மிதந்து போகிறாள். வெளியூர்க்காரர்கள் இதைச் சினிமாத்தனம் என்று தள்ளிவிடுகிறார்கள், எனக்கு அதில் கோபம் உண்டு. பழைய குடிசை வீட்டில் சுவர் மண், கூரை கீற்று. வெள்ளம் இடுப்பளவு நின்றால் மண்சுவர் அடியில் ஊறி, நாலு பக்கமும் உட்கார்ந்துவிடும். மேலே மூங்கில், கீற்று, வைக்கோல், கட்டிய கயிறு. எல்லாமே மிதக்கும் சாமான், எல்லாமே ஒன்றோடொன்று பிணைந்தது. சுவர் போனதும் கூரை முழுசாகக் கழன்று தெப்பம் மாதிரி எழும்பும். ஓட்டு வீட்டில் இது நடக்காது, ஓடு சரிந்து ஆளை அமுக்கிவிடும். கல்கி மாயவரம் பக்கம் புத்தமங்கலத்தில் பிறந்தவர். கூரை எப்படிப் போகும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டியதில்லை.

கதை ‘கல்கி’ பத்திரிகையில் 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை தொடராக வந்தது. நடுவில், 1952 நவம்பர் 30 அன்று, நாகப்பட்டினம் பக்கம் கரை கடந்த புயல் தஞ்சை மாவட்டத்தையே புரட்டிப் போட்டது. அன்று வாராவாரம் வாசித்தவர்களுக்கு நாகைக் கடல் பொங்கும் அத்தியாயங்கள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கும், 2018 நவம்பரில் வந்த கஜா புயலுக்கும் பிறகு படிக்கிற நமக்கும் அது வெறும் கற்பனையாகத் தோன்றுவதில்லை. கதையில் வரும் நாகையின் பௌத்த மடம், சூடாமணி விகாரம், ஒன்றுதான் உறுத்தல். ஆனைமங்கலச் செப்பேட்டின்படி ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய அந்த விகாரம் ராஜராஜன் காலத்தது, கதை நடப்பதோ அதற்கு முன்பு. நாவலாசிரியருக்கு அவ்வளவு சலுகை கொடுக்கலாம்.

இனி எரிச்சல். ஒவ்வொரு வாசிப்பிலும் ஒரே இடத்தில்தான் வருகிறது. கடம்பூர் மாளிகையில் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் சாவது இந்தப் பாகத்தின் பாதிக்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதன்பின் சுமார் ஐம்பது அத்தியாயங்கள். யார் கொன்றது, யார் மீது பழி, யாருக்குப் பட்டம் என்று அதே கேள்வியை ஆள் மாற்றி ஆள் கேட்கிறார்கள். நமக்குத் தெரிந்ததை ஒருவர் இன்னொருவரிடம் சொல்கிறார், அவர் அதை மூன்றாமவரிடம் சொல்கிறார். காரணம் தொடர்கதை. கிட்டத்தட்ட 185 வாரங்களுக்கு 293 அத்தியாயம் என்றால் வாரத்துக்கு ஒன்றரைதான். போன வாரத்தை மறந்தவருக்கு நினைவூட்டியாக வேண்டும். வாரம் ஒருமுறை படித்தவர்களுக்கு அது உதவி. ஒரே மூச்சில் இருபது அத்தியாயம் படிக்கிறவருக்கு அது தலைவலி.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கடம்பூர் சம்புவரையரின் மகள் மணிமேகலைக்கு நேர்வதைத்தான் பொறுக்க முடியவில்லை. படத்தில் அவள் கிடையாது. படம் மட்டும் பார்த்தவர் இழந்தவற்றில் பெரியது அவள்தான். வந்தியத்தேவன் மேல் அவள் வைத்த அன்புக்குக் கதையில் ஒரு இடத்திலும் பதில் இல்லை. அவனைக் காப்பாற்ற, கொலையைச் செய்தது தான் என்று பழியை இழுத்துப் போட்டுக்கொள்ளவும் துணிகிறாள். கடைசியில் புத்தி பேதலித்து, அவன் மடியில் உயிர் விடுகிறாள். அத்தியாயத்தின் பெயர் ‘மலர் உதிர்ந்தது’. கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் இடையே முதல் பாகத்தில் அரிசிலாற்றங்கரையில் தொடங்கியது எங்கே போய்ச் சேருகிறது என்று இத்தனை அத்தியாயம் காத்திருந்த வாசகருக்குக் கல்யாணத்தைக் கண்ணில் காட்டவே இல்லை. மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு முடிவுரையில் பதில் வருகிறது. இவ்வளவு பெரிய காதல் கதைக்குக் கணக்குப்பிள்ளை பேரேடு முடிப்பது போன்ற முடிவு அது.

நியாயமாகவும் பேச வேண்டும். கல்கியின் கை கட்டப்பட்டிருந்தது. ராஜராஜன் 985-இல்தான் பட்டத்துக்கு வருகிறான், அதற்கு முன் உத்தம சோழன் ஆண்டாக வேண்டும். அருள்மொழி, அதாவது பின்னாளில் ராஜராஜன் ஆகிறவன், விட்டுக்கொடுத்தால்தான் சரித்திரம் பொருந்தும். அதற்காகப் பூத்தொண்டு செய்யும் சேந்தன் அமுதனைச் செம்பியன் மாதேவியின் பிள்ளை உத்தம சோழனாக்கி, படகோட்டிப் பெண் பூங்குழலியை அரசியாக்கியது கல்கியின் கற்பனையிலேயே துணிச்சலானது. வானதி சிங்காதனம் ஏற மாட்டேன் என்று சபதம் செய்வதும் அந்தக் கட்டாயத்தில் பிறந்ததுதான், ஆனால் ஒட்டுப்போட்டது மாதிரித் தெரியாது. குந்தவை வந்தியத்தேவரின் தேவி என்பது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. கல்வெட்டே சாட்சி சொல்லும் கல்யாணத்தை ஒரு அத்தியாயத்தில் காட்டியிருக்கலாமே என்ற ஆதங்கம் மட்டும் போகவில்லை.

பதிப்பைப் பற்றி. கல்கி நூல்கள் நாட்டுடைமை ஆனபின் பல பதிப்பகங்கள் மலிவு விலையில் போடுகின்றன. ஐந்து பாகத்தையும் ஒரே தொகுதியாகக் கட்டியதை வாங்காதீர்கள், படுத்துக்கொண்டு படிக்கவே முடியாது. தனித்தனிப் பாகங்களில் ஐந்தாவதன் முதுகை மட்டும் பிரித்துப் பாருங்கள். நூல் தையல் போட்டதா, வெறும் பசை ஒட்டியதா? பசை ஒட்டியது சித்திரை வெயிலில் இறுகி, நடுவில் விரித்ததும் பிளக்கும், ஐப்பசி ஈரத்தில் தாள் உப்பி உதிரும். திரும்ப பைண்டு செய்யக் கொடுத்தால் ஓரத்தில் துளையிட்டுத் தைப்பார்கள். உள் மார்ஜின் ஒரு சென்டிமீட்டர் போய்விடும், வரித் தொடக்கத்தை விரலால் விரித்துப் படிக்க வேண்டியிருக்கும். அதனால் இரண்டு புத்தகமாகப் பிரித்துக் கட்டச் சொல்லுங்கள். ‘காரிருள் சூழ்ந்தது’ அத்தியாயத்தோடு முதல் புத்தகத்தை நிறுத்தலாம். அலமாரியில் வசம்புத் துண்டு போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் இராமபாணப் பூச்சி முதுகுப் பசையைத்தான் முதலில் தின்னும். தொடருக்குப் படம் வரைந்த மணியத்தின் ஓவியங்களோடு கிடைத்தால் விலை கூடினாலும் அதையே எடுங்கள்.

நான் அப்படிப் பிரித்துக் கட்டியதில் முதல் புத்தகத்தின் ஓரங்கள் எண்ணெய்க் கை பட்டு மங்கிவிட்டன. இரண்டாவது இன்னும் புதுசாகவே இருக்கிறது.

ஆகவே நண்பருக்கு: ஐந்தாம் பாகத்தைத் தனியாக வாங்க வேண்டாம். முதல் பாகத்தை வாங்குங்கள். ஆடிப் பதினெட்டன்று தொடங்கி நாளுக்கு இரண்டு அத்தியாயம் படித்தால் முதல் நான்கு பாகங்களின் 202 அத்தியாயம் 101 நாளில் முடியும். ஐப்பசிக் கடைசியில், வெளியே அடைமழை பிடித்திருக்கும்போது, நாகைக் கடல் பொங்குகிற இடத்துக்கு வந்து சேர்வீர்கள். வெள்ளம் வடிகிறவரை நாளுக்கு நான்குகூடப் படிக்கலாம். கடம்பூருக்குப் பிறகு ஒன்றுக்கு மேல் வேண்டாம். ‘மலர் உதிர்ந்தது’ முடிந்த அன்றே முடிவுரையைத் திறக்காதீர்கள், இரண்டு நாள் விடுங்கள்.