ஒரு கான் லேட்டெக்ஸில் 600 சதுர அடி சிலாப்: ஏமாற வேண்டாம்

கொழும்பில் ஒக்டோபர், நவம்பர் மழைக்கு முன் சிலாப் ஒழுக்கை அடைக்க ஆள் தேடுகிறவர்கள், முற்பணம் கொடுக்கும் முன் இதை வாசியுங்கள்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் உள்ள வீடு. மேல் சிலாப் 600 சதுர அடி. எஸ்.பி.ஆர். லேட்டெக்ஸ் (சீமெந்தில் கலக்கும் செயற்கை ரப்பர் பால்) கலந்த 20 மில்லிமீற்றர் பூச்சு, 10 வருட உத்தரவாதம் என்று பேசி, பாதிக்கு மேல் முற்பணம் வாங்கினார்கள். மூன்றே நாளில் வேலை முடிந்தது. அடுத்து வந்த முதல் பெருமழையில் அறையின் மேல்தட்டு சொட்டியது. சொட்டிய தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர்போல வெளுத்திருந்தது.

அந்த வெளுப்பைக் கவனியுங்கள். பழைய கொங்கிரீட்டிலிருந்து சுண்ணாம்பு ஊறி வந்தாலும் வெள்ளை தெரியும். ஆனால் அது காய்ந்தால் சொரசொரப்பான பொருக்காகப் படியும். இது விரலில் தேய்த்தபோது பிசுபிசுத்தது. அதாவது, கலவையில் ஊற்றியது எஸ்.பி.ஆர். அல்ல, பி.வி.ஏ. பசை. தச்சு வேலைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசையின் இனம். இரண்டும் பால்போல வெள்ளை, கானில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. காய்ந்த எஸ்.பி.ஆர். படலம் மறுபடி தண்ணீரில் கரையாது. பி.வி.ஏ. படலம் ஈரம் பட்டால் திரும்பவும் பசையாக இளகிவிடும். ஏ.எஸ்.டி.எம். சி1059 என்ற அமெரிக்கத் தரமே இவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கிறது: மறுபடி கரையக்கூடிய முதல் வகை, ஈரம் படாத உட்பகுதிக்கு மட்டும், கரையாத இரண்டாம் வகைதான் மழையும் ஈரமும் படும் இடத்துக்கு. மழை நேரே விழும் சிலாப்பில் பி.வி.ஏ. போடுவது கவனக்குறைவு என்று சொல்லித் தப்பக்கூடிய விஷயம் அல்ல. விலை குறைவு என்பதற்காகத்தான் அதைப் போடுகிறார்கள்.

இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். வேலைக்கு வந்த கானிலிருந்து ஒரு மேசைக்கரண்டி எடுத்து, கண்ணாடித் துண்டில் மெல்லியதாகப் பரப்பி, இரண்டு நாள் நிழலில் காயவிடுங்கள். பிறகு ஓர் இரவு தண்ணீரில் ஊறவையுங்கள். பி.வி.ஏ. என்றால் வெளுத்து, வழுவழுத்து, நகத்தால் வழித்தாலே கையோடு வரும். எஸ்.பி.ஆர். கொஞ்சம் மங்கலாம், ஆனால் இழுத்தால் ரப்பராக இழுபடும், கரையாது. வேலைக்கு நாலு நாள் முந்தியே கானைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மறுக்கிறவருக்கு வேலை கொடுக்காதீர்கள்.

லேபிள் இல்லாத கான், சீல் உடைந்த கான், திகதி அழிந்த கான் எதையும் வீட்டுக்குள் எடுக்க வேண்டாம். பழைய சோனகத் தெருவில் வாங்கினாலும் உங்கள் ஊர் ஹாட்வெயாரில் வாங்கினாலும் நீங்களே போய் வாங்கி, பில்லை உங்கள் பெயரில் எடுங்கள். ‘ரப்பர் பால்தானே, எதுவானாலும் சரி’ என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். மரத்துப் பாலைச் சீமெந்தில் ஊற்றினால் அது தயிராகத் திரைந்துவிடும். சீமெந்துக்கென்று தயாரிக்கும் லேட்டெக்ஸில் திரையாமல் காக்கும் பொருளும் நுரை அடக்கும் பொருளும் சேர்த்திருப்பார்கள்.

இனி அளவுக் கணக்கு. சரியான பொருளைக் கொண்டுவந்திருந்தாலும் இந்த வேலை நின்றிருக்காது. 600 சதுர அடி ஏறக்குறைய 56 சதுர மீற்றர். 20 மில்லிமீற்றர் கனத்துக்கு 1.1 கன மீற்றர் சாந்து வேண்டும். ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் என்ற 1:3 கலவையில் அது சுமார் 11 மூடை சீமெந்து. 50 கிலோ மூடைக்கு 8 முதல் 10 லீற்றர் எஸ்.பி.ஆர். என்று வைத்தால் ஏறக்குறைய 90 லீற்றராவது தேவை. வந்தது ஒரேயொரு 20 லீற்றர் கான். மூடைக்கு 2 லீற்றர்கூட இல்லை. அந்தத் திரவத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதால், உள்ளே சேர்ந்த பொலிமர், அதாவது தண்ணீர் போக மிஞ்சும் ரப்பர்ப் பொருள், சீமெந்து எடையில் 2 வீதத்தையும் தொடாது. 10 வீதத்தை ஒட்டியாவது இருந்தால்தான் சாந்தின் நுண்துளைகளுக்குள் படலம் பிடிக்கும். விலைக்கூற்று வந்தவுடன் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். எத்தனை கான் வரும் என்று எழுத்தில் கேளுங்கள். வெறுமையான கான்களை வேலை முடியும்வரை வெளியே போகவிடாமல் எண்ணுங்கள்.

பூச்சின் ஓரத்தில் மட்டக்கரண்டியைக் கொடுத்து நெம்பியபோது உள்ளங்கையளவு துண்டு முழுசாகக் கழன்று வந்தது. அதன் அடிப்பக்கம் வழுவழுவென்று மினுங்கியது, அதில் தூசியும் ஒரு காய்ந்த இலைத் துணுக்கும் ஒட்டியிருந்தன. பழைய கொங்கிரீட்டில் சாந்தை ஒட்டவைக்கும் பிணைப்புப் பூச்சைக் காலையில் முழுச் சிலாப்புக்கும் பூசிவிட்டு, அது வெயிலில் காய்ந்து, தூசி படிந்த பிறகு மேலே சாந்து போட்டிருக்கிறார்கள். காய்ந்த லேட்டெக்ஸ் ஒட்டவைப்பதில்லை. மாறாக, இரண்டு அடுக்கையும் பிரித்து வைக்கிறது. நல்ல பொருளை வாங்கியும் வேலை இந்த இடத்தில் கெட்டுப்போகலாம், ஆகவே மேசன் பாஸுக்குப் பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

சரியான முறை இது. பாசி, பழைய பெயின்ற், மேலே படிந்த இளகிய சீமெந்துப் படலம் எல்லாவற்றையும் கிரைண்டராலோ பொளியாலோ கொங்கிரீட்டின் கல் தெரியும்வரை எடுக்க வேண்டும். முதல் நாள் இரவு முழுவதும் நனைத்து, காலையில் தேங்கிய தண்ணீரைத் துடைத்துவிட வேண்டும்: மேற்பரப்பு இருண்ட ஈரமாக இருக்கலாம், மினுங்கக்கூடாது. எஸ்.பி.ஆர். ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, அதில் சுமார் மூன்று பங்கு சீமெந்தைப் போட்டுக் கட்டியில்லாத கூழாக்கி, முரட்டுத் தூரிகையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். சீமெந்து சேர்க்காமல் வெறும் லேட்டெக்ஸைப் பூச விடாதீர்கள், அது இன்னும் வேகமாகக் காயும். ஒரு தடவையில் சாந்து போட்டு முடிக்கக்கூடிய அளவு இடத்துக்கு மட்டுமே பூச வேண்டும். விரல் வைத்தால் ஒட்டும் நிலையில் சாந்து விழ வேண்டும். காய்ந்துவிட்டதா, கம்பித் தூரிகையால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். காய்ந்ததன்மேல் இன்னொரு கை பூசுவது உதவாது.

சாந்துக்கு ஒரு மூடை சீமெந்து, 150 கிலோ கழுவிய மணல், 10 லீற்றர் எஸ்.பி.ஆர்., தண்ணீர் 10 லீற்றரில் தொடங்கிப் பார்த்துப் பார்த்து. லேட்டெக்ஸே கலவையை இளக்கும் என்பதால் வழமையான தண்ணீரை ஊற்றினால் ஓடிவிடும். லேட்டெக்ஸ் சேர்த்த பின் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் கலக்கக்கூடாது, காற்றுக் குமிழ் ஏறிப் பலம் குறையும். கலந்ததை அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். இறுகியதைத் தண்ணீர் தெளித்து இளக்குவதைக் கண்டால் உடனே நிறுத்துங்கள்.

பதினொரு மணி வெயிலில் போட்டு மூடாமல் விட்டதால் இந்தச் சிலாப் முழுவதும் வலைபோட்ட வெடிப்பு. போட்டவுடன் பொலித்தீனாலோ நனைத்த சாக்காலோ ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் மூட வேண்டும். அதன்பிறகு ஏழு நாள் தண்ணீர் கட்டும் பழைய வழக்கம் இதற்குப் பொருந்தாது. பொலிமர் படலம் பிடிக்கக் காற்றில் காய வேண்டும்.

இன்னொன்று. எஸ்.பி.ஆர். சாந்து இழுபடும் ரப்பர் விரிப்பு அல்ல. வெயிலுக்கும் குளிருக்கும் விரிந்து சுருங்கும் வெடிப்பை அது தாங்காது, அதே கோட்டில் மறுபடி வெடிக்கும். அப்படிப்பட்ட வெடிப்பை வெட்டி அகலமாக்கி பொலியூரித்தேன் சீலன்ற் அடைக்க வேண்டும். சிலாப்பும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் 50 மில்லிமீற்றர் சரிவுப் பூச்சு, தண்ணீர்க் குழாய் வாயைச் சுற்றித் தனிக் கவனம், 1:100 ஆவது சரிவு. இந்த வீட்டில் மூன்றும் இல்லை.

கீழே, அறையின் மேல்தட்டில் துருப்பிடித்த கம்பிகள் தெரிந்தன. கடற்காற்றின் உப்பு கொழும்பின் கரையோர வீடுகளுக்குச் செய்யும் கேடு அது. துருவை எடுக்காமலே மேலே சாந்தை அப்பியிருந்தார்கள். கம்பியின் பின்பக்கமும் 20 மில்லிமீற்றர் இடைவெளி வரும்வரை கொத்தி, துருவை முழுக்கச் சுத்தம் செய்து, கம்பிக்குக் காப்புப் பூச்சுக் கொடுத்த பிறகே அடைக்கலாம். கம்பி மெலிந்து தெரிந்தால் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள், அந்த இடத்தில் லேட்டெக்ஸ் பற்றிப் பேசுவதே பிழை.

10 வருட உத்தரவாதத் தாளில் இருந்தது ஒரு கைத்தொலைபேசி இலக்கம் மட்டும்தான். பொருளின் பெயர், அளவு, கனம், பரப்பு எதுவும் எழுதப்படவில்லை. கடைசிக் கொடுப்பனவில் கணிசமான பங்கைப் பிடித்துவைத்து, பூச்சு காய்ந்தபின் குழாய் வாயை அடைத்து இரண்டு அங்குலத் தண்ணீரை 48 மணி நேரம் கட்டிப் பார்த்த பிறகு கொடுங்கள்.

ஏற்கனவே ஏமாந்தவர்கள் அதன் மேலே இன்னொரு பூச்சுப் போட வேண்டாம், கழன்ற அடுக்கோடு அதுவும் கழலும். தட்டிப் பார்த்து வெறுமையாக ஒலிக்கும் இடமெல்லாம் உடைத்து எடுங்கள். பி.வி.ஏ. என்று தெரிந்தால் முழுவதையும் எடுக்க வேண்டும். உடைக்கும் முன் படம் எடுத்து, ஒரு துண்டையும் கானையும் பில்லையும் பத்திரப்படுத்தி, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள், தகவலுக்குத் தொலைபேசி இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும். மழை பிந்தினால் அதுவரை காத்திருக்காமல் தண்ணீரைக் கட்டிப் பாருங்கள்.